லயத்து வீட்டிற்கு எந்தத் தொலைக்காட்சி?

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டிற்கு என்ன வாங்குவீர்கள் என்று நம் விடுதியில் கேட்டால், "பெரிய டி.வி." என்போர் பலர். நல்ல ஆசைதான். நம்மைப் படிக்க அனுப்பிவிட்டு உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் சற்றே மகிழ்ந்திருக்கட்டும் என்ற எண்ணத்தை எவர் பழிப்பர்? ஆனால் அந்த ஆசையைக் கடையின் ஒளிவிளக்குகளுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் வம்பு பிறக்கிறது. 55 அங்குலம், 4கே, ஸ்மார்ட், மாதத் தவணை! அத்தனையும் கடைக்கு ஏற்ற பேச்சு. கடைக்காரர் நம் வீட்டைப் பார்த்தவரல்லர்.

போனக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகத்தியர்கூடம் ஏறுவோர் புறப்படும் இடம். மலையேற வருவோர்க்கு அது பனி மூடிய அழகூர். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கோ, 2010-களின் நடுவில் தோட்டம் முடங்கி, கூலி நின்று, நிலுவைக்காகக் காத்துக்கிடந்த ஊர். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது, மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பெட்டி வந்தது. இந்தப் பக்கத்துத் தமிழர் கையில் இருந்தது கேரளத்து ரேஷன் அட்டை! ஆகவே இங்கே தொலைக்காட்சி என்பது சொந்தக் காசில் வாங்கும் பொருள். தவறாக வாங்கினால் மாற்றி வாங்க வழியில்லை.

அத்தகைய வீட்டிற்குப் பெட்டி தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது அங்குலத்தையன்று. படம் எந்த வழியாக வரப்போகிறது என்பதை. ஸ்மார்ட் பெட்டியின் பெருமையெல்லாம் இணையத்தில் இருக்கிறது. கைபேசி அலை தரையோடு கிடையாக வருவது. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். அலை நிலையாகக் கிட்டாத வீட்டில் ஸ்மார்ட் என்பது வெறும் பெயர்.

டிஷ்ஷின் கதை வேறு. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே வருகிறது. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. திருவனந்தபுரத்து மலைகளிலிருந்து பார்த்தால் தென்கிழக்குப் பக்கமாக, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 68 பாகை உயரம். அதாவது நிமிர்ந்து பார்க்கும் உயரம்! மலை முகடுகள் அதை மறைப்பது அரிது. மரக்கிளையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் அதில் கிடைக்கும். தனியார் தமிழ்த் தொடர்கள் வேண்டுமென்றால் கட்டண டிஷ்தான் துணை. அம்மாவுக்கு எந்தத் தொடர் இல்லாமல் முடியாது என்பதை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். மாதந்தோறும் கட்டப்போவது யார் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நலம்.

இனி அளவு. 32 அங்குலப் பெட்டி ஏறக்குறைய 28 அங்குல அகலம். 55 அங்குலப் பெட்டியோ நான்கு அடி. பத்தடி அறையில் கட்டிலும் அலமாரியும் போக, ஆறடி தள்ளி உட்கார இடம் கிடைத்தால் பெரிது. அந்த ஆறடியில், சாதாரண எச்.டி. 32 அங்குலப் படத்தின் புள்ளிகளை நல்ல கண்ணும் பிரித்தறிவது கடினம். 43 அங்குல ஃபுல் எச்.டி.க்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். அவ்விடத்தில் 4கே என்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் கொடுக்கும் பணமன்றோ?

"தோட்டத்துக்காரன் என்றால் சின்னதே போதுமா? நகரத்தான் மட்டும் பெரிதாகப் பார்க்க வேண்டுமா?" என்று சிலர் சினங்கொள்வர். சினம் நியாயமானது, நானும் அதில் பங்கு கொள்வேன். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. எனவே வரிக்கு அஞ்சிச் சிறியதை வாங்க வேண்டுவதில்லை. அறையில் இடமிருந்து கையில் பணமும் இருந்தால் 43 வாங்குங்கள். இல்லையேல், மிச்சப்படும் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள் என்பேன். மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கி மிகச் சிறியது. பெரும்பாலும் கீழ்நோக்கியே பேசும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது செய்தி வாசிப்பவர் வாயசைப்பது மட்டுமே தெரியும். காது மங்கிய தாத்தாவுக்குத் திரையின் பத்து அங்குலத்தைவிடத் தனி ஸ்பீக்கர் ஒன்று பெரிய உதவி.

மின்செலவு கண்டு அஞ்ச வேண்டாம். 50 வாட் பெட்டி நாளும் 5 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு ஏழரை யூனிட்தான். அஞ்ச வேண்டியது பழுதுக்கு. திரை உடைந்தாலோ கோடு விழுந்தாலோ மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்கும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை வாங்கிவிட்டு, 60 கிலோமீட்டர் பேருந்தில் மடியில் வைத்துச் சுமந்து வருவதை எண்ணிப் பாருங்கள்! நெடுமங்காட்டுப் பக்கம் பழுது பார்க்க ஆள் உண்டா, வீட்டிற்கு வருவாரா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஈரம் ஊறிய பழைய லயத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டாம், மேசை போதும்.

கடைசியாக ஒன்று. கேரளத்து மலைகளில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி பொல்லாதது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின் பிளக்கையும் டிஷ் கம்பியையும் சேர்த்தே பிடுங்க வேண்டும், அதுவும் முதல் இடி கேட்கும் முன்பே. பெட்டியின் பின்னே குனிந்து தேடாதபடி, இரண்டையும் பாட்டியின் கைக்கு எட்டும் இடத்தில் அமைத்துக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அரைமணி நேர வேலை.