பொடியாக்கினால் மட்டும் போதாது

காந்த நானோதுகள் பற்றி வரும் அறிவியல் செய்திகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. துகளைச் சிறிதாக்கு, ஒரு துகளில் ஒரு பிட் எழுது, ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு பல மடங்காகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அது அவ்வளவு எளிதல்ல.

முதலில், ‘சிறிதானால் நல்லது’ என்ற பேச்சு. விட்டம் பாதியானால் கனஅளவு எட்டில் ஒன்றாகிறது. காந்தத் திசையைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் அதே கணக்கில் சரிகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் அறை வெப்பமே திசையைப் புரட்டிவிடும். 4 நானோமீட்டர் கோபால்ட் துகளில் எழுதியது ஒரு நொடிகூடத் தங்காது. இரும்பும் பிளாட்டினமும் அடுக்கு மாற்றி அடுக்காக அமைந்த உலோகக் கலவை போன்ற ஒரு சிலவே அந்த அளவிலும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

‘அதைத்தான் குடுவையிலேயே காய்ச்சிவிட்டார்களே’ என்பார்கள். 2000இல் ஐபிஎம்மின் ஷௌஹெங் சுன் குழு, பிளாட்டினச் சேர்மத்தையும் அயர்ன் பென்டாகார்பொனிலையும் ஒலேயிக் அமிலம், ஒலைல் அமீன் துணையோடு சூடாக்கியது. கிடைத்த துகள்களின் விட்டத்தில் ஏற்றத்தாழ்வு 5 சதவீதத்துக்கும் குறைவு. பெரிய சாதனை, மறுப்பில்லை. ஆனால் குடுவையிலிருந்து வரும் துகளுக்குள் இரும்பும் பிளாட்டினமும் தாறுமாறாகக் கலந்துகிடக்கின்றன. அந்த நிலையில் அது எதையும் நினைவில் வைக்காது. அணுக்கள் அடுக்காக அமைய 550 டிகிரி செல்சியஸ் அளவில் சுட வேண்டும். அந்தச் சூட்டில் துகளைப் போர்த்திய ஒலேயிக் உறை கரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. பாடுபட்டுப் பெற்ற சீரான அளவு போயே போச்சு. உப்போடு கலந்து சுட்டு, பிறகு உப்பை நீரில் கரைத்தெடுக்கும் உத்தி ஒட்டுவதைத் தடுத்தது. துகள்களின் காந்த அச்சுகள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதை அது தீர்க்கவில்லை. ஹார்டு டிஸ்க்கின் தட்டுக்கோ எல்லா அச்சும் செங்குத்தாக நிற்க வேண்டும்.

‘துகள்கள் தாமாகவே வரிசையாக அமையும்’ என்பதும் பாதி உண்மைதான். கரைசல் உலரும்போது அப்படி அமைகின்றன, சில மைக்ரோமீட்டர் தூரத்துக்கு. தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர்.

 

அப்படியானால் எல்லாம் வீண் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. சீகேட் 2024இல் அறிவித்த 30 டெராபைட் ஹார்டு டிஸ்க் நம்பியிருப்பது இதே இரும்பு–பிளாட்டினத்தைத்தான். இவ்வகைத் தட்டுகளில் கலவையை வெற்றிடத்தில் ஸ்பட்டரிங் முறையில் கண்ணாடித் தட்டின் மேல் படிய வைக்கிறார்கள். மெக்னீசியம் ஆக்சைடு போன்ற அடிப்படலம் அச்சுகளை நிமிர்த்துகிறது. கலவை அவ்வளவு பிடிவாதமானது என்பதால், எழுதும் கணத்தில் லேசரால் சூடாக்கி இளக்குகிறார்கள். ஒரு பிட்டுக்கு ஒரு துகள் என்பது அங்கும் இல்லை. படலத்திலுள்ள சில நுண்மணிகள் சேர்ந்தே ஒரு பிட்.

அடுத்த முறை ‘ஒரு துகள், ஒரு பிட்’ என்ற தலைப்பைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சுட்ட பிறகு துகள்கள் ஒட்டாமல் இருந்தனவா? அச்சுகள் எந்தப் பக்கம் நிற்கின்றன?