படிவத்தில் ‘இல்லை’, பைக்குள் பஃப்

கொடைக்கானலுக்கோ ஏலகிரிக்கோ பள்ளி முகாம் என்றால் வீட்டுக்கு ஓர் அனுமதிப் படிவம் வரும். கையெழுத்துக்குச் சற்று மேலே, ‘உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா?’ என்றொரு கேள்வி. பதிலுக்கு இரண்டு அங்குலக் கோடு. பனிக்காலத்தில் இரவெல்லாம் வீசிங்கில் தவிக்கும் பிள்ளையின் அம்மாவும் அதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, இன்ஹேலர் பஃபைச் சட்டைகளுக்கு நடுவே மறைத்து வைக்கிறார். ஏமாற்றும் எண்ணமில்லை. உள்ளதை எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயம். வலிப்பு என்றால், அதுவும் பெண்பிள்ளைக்கு என்றால், அந்தப் பயம் கல்யாணப் பேச்சு வரைக்கும் நீளும்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் இதை வேறு மாதிரி கையாள்கிறது. நியூ மெக்சிகோ மலைகளில் இருக்கும் அதன் ஃபில்மான்ட் முகாம், 1938இல் எண்ணெய்த் தொழிலதிபர் வெயிட் பிலிப்ஸ் கொடுத்த நிலத்தில் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் முதுகுச்சுமையோடு நாள்கணக்கில் நடக்கிறார்கள். 72 மணி நேரத்தைத் தாண்டும் பயணம் எதுவானாலும் மருத்துவர் சோதித்து உடல்நலப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அவசர வாகனம் வரக்கூடிய சாலையிலிருந்து 30 நிமிடத்துக்கு மேல் விலகிப் போவதென்றால், உயரத்துக்கேற்ற எடை வரம்பும் உண்டு. கறாரான விதிதான், நோயுற்றவரைத் தூக்கி வரப்போகிறவரின் முதுகையும் சேர்த்து யோசித்த விதி. ஆனால் அது முன்கூட்டியே அச்சில் இருக்கிறது. நம் பள்ளிகளைப்போலத் தலைமையாசிரியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததல்ல.

இன்னொன்றும் உண்டு. குழுத் தலைவர்கள் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்யவோ மின்னஞ்சலில் அனுப்பவோ கூடாது.

இங்கேயோ எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். ‘சார், பையனுக்கு ஃபிட்ஸ் வரும், கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று ஒரு தாய் போட்டால் வகுப்பிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் தெரிந்துவிடும். வரிசையின் கடைசியில் பிள்ளையோடு நடந்து வரும் வழிகாட்டி மட்டும் அந்தக் குழுவிலேயே இருக்கமாட்டார்.

அவருக்கு நோயின் பெயரைவிட, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரிந்தாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுமியை எடுத்துக்கொள்வோம். பகல் முழுக்க மலையேறினால், அன்றிரவு தூக்கத்தில்கூட அவளுக்குச் சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, பேச்சு தடுமாறும்போது, விவரம் தெரியாதவர் ‘சுகர் பிள்ளைக்குப் போய்ச் சர்க்கரை கொடுப்பதா?’ என்று தயங்குவார். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டியதே அதுதான். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை எழுத நான்கு வரி போதும். ‘டைப் 1 டயபட்டீஸ்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகள் சிலருக்குள்ள சிக்கிள் செல் நோயும் அப்படித்தான்: குளிரும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் தாங்க முடியாத வலி கிளம்பும்.

ஆகவே படிவத்தின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: ‘இதில் எழுதியதை வைத்து யாரையும் நாங்களாக ஒதுக்கமாட்டோம், சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்போம்.’ அதன் கீழே பாதிப் பக்கம் காலியிடம். பேருந்து கிளம்பும் முன் பெற்றோரும் வழிகாட்டியும் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். தாளின் ஒரு பிரதி அவர் சட்டைப்பையில், இன்னொன்று பஃபோடு பிள்ளையின் முன்பையில். திரும்பி வந்ததும் இரண்டையும் அம்மா கையில் கொடுத்துவிடலாம்.