வீரமாமுனிவர் சென்ற வழி

இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் பயணங்களைக் கணினி நிலப்படத்தில் குறித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அப்படத்தின் நடுப்புள்ளி ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடபால் உள்ள அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்துக் கலம்பகமும் பாடினார் முனிவர். பழைய ஏடுகளில் அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-க்குப் பின் பெரம்பலூர் மாவட்டம். இன்றோ அரியலூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எல்லைகள்தாம் நகர்ந்தன. ஆகவே மாவட்டப் பெயரை நம்பாது, அகலாங்கும் நெட்டாங்கும் கொண்டே இடம் குறித்தல் தகும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். திருச்சியை ஆண்ட சந்தா சாகிபிடம் முனிவர் திவானாக இருந்தார் என்பது நம் பெரியோர் மகிழ்ந்து கூறும் செய்தி. நமக்கும் அது இனிக்கவே செய்கிறது. ஆயினும் ஆய்வாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். அவர் 1747-இல் மறைந்த இடத்தையும் மணப்பாடு என்பர் சிலர், அம்பழக்காடு என்பர் சிலர். இத்தகையவற்றை வெற்று வட்டத்தாலும், சான்றுள்ளவற்றை நிறைந்த புள்ளியாலும் காட்டுக. திரையில் ஒரு முறை கரும்புள்ளி விழுந்துவிட்டால், பின்வருவோர் அதையே சான்றாகக் கொள்வர்.

முதற்கோடு ஏலாக்குறிச்சிக்கும், அவர் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்த கோணான்குப்பத்திற்கும் இடையே அமையட்டும். அது நம் மாணவர் நேரிற் சென்று காணத்தக்க தொலைவே.