புல்லுக்கு விஷம், யாருக்கு நோவு?

ஒரு புல்கூட நிற்கலாகாது என்று மலாயாவின் வெள்ளைத் துரைமார் ஆதியில் ரப்பர் காடுகளைச் சுரண்ட வைத்தனர். விளைவு? மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று.

பிறகே மூடுபயிர் வந்தது. அவரைக் குலக் கொடிகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன; உதிரும் இலை மக்கி மரத்துக்கே திரும்புகிறது. கூலி கேளாத உழைப்பு!

நிர்வாகங்களோ விஷத்தை நம்பின. குடித்தால் மாற்று மருந்தே இல்லாத பாராகுவாட்டை 2002-இல் தடுத்து, 2006-இல் தளர்த்தி, 2020-இல்தான் முற்றாகத் தடுத்தது மலேசிய அரசு. அந்த மருந்துப் பம்பைச் சுமந்தவை நம் பெண்களின் முதுகுகள்!

ஒரு விஷம் போனால் இன்னொன்று வரும். கையுறை, முகமூடி, தமிழில் எச்சரிக்கை – இவை இல்லையேல் பம்பைத் தொடாதீர்! இளங்கன்றுக் காட்டில் மூடுபயிர் கேளுங்கள். மண் செத்தால் நம் பிழைப்பும் சாகும்!