மச்சான் இல்லாத கையேடு

இந்த வாரம் பத்தியாளருக்குக் கோபத்தை வரவழைத்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தாள்கட்டு. கொண்டுவந்தவர் ஏனாத்தூரில் குடியிருக்கும் நெடுநாள் நண்பர். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிறார், பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். கடைக்கு ஒரு பணியாளர் கையேடு வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கிறார். அது நிமிஷத்தில் நாற்பத்திரண்டு பக்கம் கொட்டிவிட்டது. "படிச்சுட்டு சொல்லுங்க சார், நல்லா வந்திருக்கு" என்றார்.

நல்லா வரவில்லை. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ஆளை நிறுத்தலாம் என்று மூன்றாம் பக்கத்திலேயே ஒரு விதி. அது அமெரிக்கச் சரக்கு. இங்கே 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும் என்று அதன் 41ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் செய்தவர் என்றால்கூட விசாரித்த பிறகுதான். மீறினால் அந்த ஊழியர் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

விடுமுறைப் பட்டியலைப் புரட்டினால் நவம்பரில் நன்றி நவிலும் நாள் இருக்கிறது, பொங்கலைக் காணோம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மேலும் ஐந்து பண்டிகை நாட்கள் என்று ஒன்பது விடுமுறையைத் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டமே உறுதி செய்திருக்கிறது. அடுத்து, புகார் இருந்தால் 'மனிதவளத் துறையை அணுகவும்' என்று ஒரு வரி. பதினோரு பேர் கடையில் மனிதவளத் துறை எது? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் மச்சான்தான். பாலியல் தொல்லை பற்றி அந்தக் கடையில் வேலை செய்யும் பெண் அவரிடமா போய்ச் சொல்வாள்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நண்பருக்கு இது தெரியாது. கையேடும் அவருக்குச் சொல்லவில்லை.

எந்திரம் எழுதியது, எனக்கென்ன என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணைய உதவியாளர், துக்கத்துக்குப் பயணம் செய்பவர் கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொல்லிவிட்டது. உதவியாளர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. காந்தி ரோட்டுக் கடைக்கும் இதே நியாயம்தான்.

விதியைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது, வேலை செய்பவர் கண்ணிலும் பட வேண்டும். நோட்டீஸ் போர்டு விஷயத்தில் பத்தியாளரின் இந்த ஆதங்கம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. இதோ மறுபடியும். தொழிற்சாலைகளுக்கான நிலையாணைகள் பற்றி 1946இல் ஒரு சட்டம் வந்தது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது. அதில் பத்தியாளருக்கு மிகப் பிடித்தது 9ஆம் பிரிவு. சான்றளிக்கப்பட்ட விதிகளை ஆங்கிலத்திலும் தொழிலாளர் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் எழுதி, அவர்களில் பெரும்பாலோர் நுழையும் வாசலருகே தனிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றது அது. மேலாளர் கார் வந்து நிற்கும் வாசலில் ஒட்டினால் போதாது. இதை எழுதியவர் ஆலை வாசலில் ஒரு காலையாவது நின்று பார்த்திருக்க வேண்டும் என்று பத்தியாளருக்கு எப்போதும் தோன்றும். அப்படியும் பல இடங்களில் விதிகள் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், சூப்பர்வைசர் அறைச் சுவரில், ஆங்கிலத்தில் தொங்குகின்றன.

விதியை எங்கே எழுதி வைப்பது என்ற பேச்சு வந்தாலே பத்தியாளரின் மனசு உத்திரமேரூருக்குப் போய்விடும். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி, பாலாற்றையும் மாகறல் பக்கம் செய்யாற்றையும் தாண்டினால் வந்துவிடும் ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், ஊர்ச்சபை, ஏரியைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்கான தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். ஒரு கல்வெட்டு 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921. இரண்டுக்கும் நடுவில் இரண்டே வருஷம். முதலாவதில் உறுப்பினருக்கு வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கல்லில் வெட்டிய விதியையே இரண்டு வருஷத்தில் திருத்தியிருக்கிறார்கள். பத்தியாளரின் மேசையில் அட்டை கழன்று கிடக்கும் நீலகண்ட சாஸ்திரியின் 1932ஆம் ஆண்டுச் சோழர் ஆய்வு நூலில், இந்த இரண்டு கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கட்டுரைதான் அதிகம் அழுக்கேறிய பகுதி.

பலரும் குடவோலை என்ற பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சிறியோர் பெரியோர் எல்லாரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து எல்லார் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

ஐந்து விரலையும் விரிக்கச் சொல்வது ஏன்? மூடிய கையில் இன்னொரு ஓலை இருக்கலாம். யாரோ ஒருவர் எப்போதோ அப்படிச் செய்திருக்கலாம், அல்லது செய்யக்கூடும் என்று சபையில் ஒருவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆட்களை அறிந்தவர்தான் இப்படி ஒரு விதியை எழுத முடியும்.

இதைவிட அழகு உறவுமுறைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அதோடு விடவில்லை. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளைக் கட்டியவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று வரிசையாகச் சொல்லி எல்லாரையும் விலக்குகிறது 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஏரிக் காசைத் தின்றவன் அடுத்த வருஷம் யார் பெயரில் திரும்பி வருவான் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சபை எல்லாருடையதும் அல்ல. அது பிராமண ஊரான ஒரு சதுர்வேதி மங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் கேட்டது. பெண்களுக்கும் ஏரியை வெட்டிய கைகளுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் விதி எழுதும் கைத்திறன் என்று பார்த்தால் பத்தியாளர் அந்தச் சுவரின் பக்கம்தான்.

நண்பரின் கையேட்டுக்கு வருவோம். அதில் 'நெருங்கிய உறவினர்' என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள். அவ்வளவுதான். ஜரிகை வாங்குவது மச்சானின் பங்காளியிடம், பில் போடுவது ஒன்றுவிட்ட தம்பி என்று நடக்கும் கடையில் இந்த விதி யாரைப் பிடிக்கும்?

சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் ஏனாத்தூர் வீட்டு மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தார்கள். இந்த முறை எந்திரத்திடம் கையேடு கேட்கவில்லை. கடை திறக்கும் நேரம், முகூர்த்த நாள் கூட்டம், கடைசி பஸ், சேலையில் கறை பட்டால் இதுவரை யார் சம்பளத்தில் பிடித்தார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று அத்தனையையும் நண்பர் சொல்லச் சொல்ல உள்ளே போட்டார்கள். சட்டப் பிரிவுகளையும் ஒட்டினார்கள். திரும்பி வந்தது ஒன்பது பக்கம், படிக்கும்படியான தமிழில். சட்டம் தெரிந்த ஒருவர் இன்னும் பார்க்க வேண்டும். எந்திரம் இந்த முறை உருப்படியாகவே உழைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை கடை திறக்குமுன் நண்பர் அதைக் கொண்டுபோய், இருபது வருஷமாகச் சேலை விரிக்கும் அக்காவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பழைய கடையில் மெத்தை விரித்து உட்கார்ந்து விற்றவர் அவர். கவுன்டர் வந்தபிறகு நாள் முழுக்க நிற்கிறார். நான்காம் பக்கத்தில், கடைகள் சட்டத்தில் 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கை உண்டு என்று ஒரு விதி. அதைப் படித்ததும் நிறுத்தினார்.

"உக்காரலாம்னு போட்டிருக்கே, எதுல உக்கார்றது தம்பி?"

நண்பர் பத்தியாளருக்குப் போன் போட்டபோது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் ஸ்டூல் கவுன்டர் உயரத்துக்கு எட்டாதாம், மர ஸ்டூல் செய்யும் ஆசாரியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.