சதுரங்கத் திறன் பிறப்பால் வருவதா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்ற போட்டியில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீன வீரர் டிங் லிரெனை வென்று உலக வாகையர் ஆனார். அப்போது அவருக்கு அகவை 18. இத்தகைய வெற்றியாளரைப் ‘பிறவி மேதை’ என்று புகழ்வது நம் வழக்கம். ஆனால் அப்புகழுரையைக் கேட்கும் சிறுவர் பலர், ‘எனக்கு அவ்வளவு அறிவு இல்லை’ என்று முயற்சியைக் கைவிடுகின்றனர். ஆகவே, அவ்வழக்கம் தீங்குடையது என்பது என் கருத்து.

அமெரிக்க அறிஞர்களான வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டம் ஒன்றின் காய்நிலையை 5 நொடிகள் காட்டி மறைத்தபின், வல்லுநர் புதியவரைவிடப் பன்மடங்கு காய்களைச் சரியாக அடுக்கினார். காய்களை முறையின்றிக் கலைத்து வைத்தபோதோ அவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. வல்லுநரிடம் இருந்தது வியத்தகு நினைவாற்றல் அன்று. பல்லாண்டுப் பயிற்சியால் மனத்தில் பதிந்த காய்நிலைகளே என்பது இதனால் விளங்கும்.

பயிற்சிக்கு இடமளிப்பது சூழல். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோனும், 1972இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்கக் கழகமும் சென்னைச் சிறுவர்க்கு வழிகாட்டினர். அங்கு ஆடிய விசுவநாதன் ஆனந்த், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அவ்வாறாயின், சென்னையை விட்டு வெளியூரில் வாழும் நம் போன்றோர்க்கு வழி என்ன? ஆனந்தும் தந்தையின் பணி காரணமாகச் சிறுவயதில் மணிலாவில் வாழ்ந்தவரே. அவர் பள்ளியில் இருக்கும்போது தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாய் சுசீலா குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். நாம் வாழும் கேரளத்திலும், திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் சிற்றூரில் தேநீர்க் கடைகளில்கூட மக்கள் சதுரங்கம் ஆடுகின்றனர். எனவே, சூழல் என்பது பெருநகரம் மட்டுமன்று. உடன் அமர்ந்து ஆட ஒருவர் இருப்பதும் சூழலே.

ஒரே அளவு பயிலும் இருவர் ஒரே உயரத்தை எட்டுவர் என்று நான் கூறவில்லை. அறிவுக்கூர்மைக்கும் இதில் பங்குண்டு. எனினும், அப்பங்கு எவ்வளவு என்பது பயின்ற பின்னரே தெரியும். ஆதலால் மாணவர்களே, ‘எனக்கு அறிவு உண்டா?’ என்று வினவுமுன், ‘நாள்தோறும் பயின்றேனா? உடன் ஆட ஒருவரைத் தேடினேனா?’ என்று வினவுங்கள்.