பேரு இருபது, பழம் ரெண்டு

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பால்கனியில் நாலு தொட்டிக்கு மேல் அத்தி வளர்ப்பவர் பழத்துக்காக வளர்க்கவில்லை, பேருக்காக வளர்க்கிறார். கோபம் வருகிறதா? வரட்டும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அத்தி என்றதும் ஊரில் வாய்க்கால் ஓரம் நிற்கும் பெரிய மரத்தை நினைக்க வேண்டாம். அது நாட்டு அத்தி. அம்மா பிஞ்சை இடித்துக் கூட்டு வைப்பாரே, அது. இங்கே புனேயில் அதை உம்பர் என்பார்கள், தத்தர் கோயிலில் ஔதும்பர் என்று சுற்றிக் கும்பிடுவார்கள். நான் சொல்வது சீமை அத்தி. மராட்டியில் அஞ்சீர்.

கொரோனா காலத்தில் வீட்டோடு உட்கார்ந்து பொட்டி தட்டிய நாட்களில் நம்மவர்களைப் பிடித்த பைத்தியம் இது. இன்னும் விட்டபாடில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் மொட்டை மாடியில் இருபது தொட்டி. ஒவ்வொன்றிலும் லேமினேட் செய்த பேர்ப்பலகை. பிளாக் மதேரா, பனாஷே, கோல் டி டாம், கலிமிர்னா... போன வருஷம் எத்தனை பழம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு... மூணாவது அணில் எடுத்துக்கிச்சு" என்றார். ஈர மண்ணோடு தொட்டி ஒன்று நாற்பது கிலோ என்றால் எண்ணூறு கிலோ. தளத்துக்குக் கீழே குடியிருப்பவர் பாவம். மே மாதம் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும்போது இருபது தொட்டிக்கும் காலையும் மாலையும் யார் ஊற்றுவது? அவர் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அவருடைய அறுபத்தெட்டு வயது அப்பா.

சரி, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? என் கணக்கில் மூணே கேள்விதான்.

முதல் கேள்வி: குளவி இல்லாமல் காய்க்குமா? கலிமிர்னா என்பது ஸ்மிர்னா வகை. காட்டு அத்தியின் மகரந்தத்தை ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே கொண்டுபோனால்தான் காய் நிற்கும். இல்லாவிட்டால் பிஞ்சிலேயே கொட்டிவிடும். கலிஃபோர்னியாக்காரர்கள் 1880-களில் இந்த ரகத்தைக் கொண்டுபோய் நட்டுவிட்டு, காயெல்லாம் ஏன் உதிர்கிறது என்று வருஷக்கணக்கில் முழித்தார்கள். 1899-ல் அந்தக் குளவியை வரவழைத்துக் குடியேற்றிய பிறகுதான் மகசூல் பார்த்தார்கள். ஒரு மாநிலமே பட்ட பாடு இது. எட்டாவது மாடி பால்கனிக்கு எந்தக் குளவி வரும்? எனவே கலிமிர்னா முதலில் வெளியே.

இரண்டாவது கேள்வி: இந்த ஊர் மழைக்கு முன்னால் பழுக்குமா? மகாராஷ்டிர விவசாயி அஞ்சீருக்கு இரண்டு பருவம் சொல்வார். மழைக்காலத்தில் வருவது கட்டா பஹார், அதாவது புளிப்பு. கோடையில் வருவது மீட்டா பஹார், இனிப்பு. பேரிலேயே எல்லாம் இருக்கிறது. மழையில் பழுக்கும் அத்தி வெடிக்கும், அடியில் உள்ள கண் வழியே தண்ணீரும் ஈயும் புகுந்து புளிக்கும். போதாததற்கு இலையில் துரு நோய் வந்து மரமே மொட்டையாகும். பனாஷே, பிளாக் மதேரா எல்லாம் தாமதமாகப் பழுக்கிற ரகங்கள். படத்தில் பச்சையும் மஞ்சளுமாக வரி போட்டு பனாஷே அழகாகத்தான் இருக்கும். ஜூன் மழை பிடித்துக்கொண்டால் அந்த அழகு அழுகிப் போகும்.

மூன்றாவது கேள்வி: குச்சி எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம். மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது சாக்ஸுக்குள் சுருட்டி நாலு குச்சி கொண்டுவருவது சாமர்த்தியம் இல்லை. 2003-ல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடுவதற்கான செடியோ குச்சியோ உள்ளே வர இறக்குமதி அனுமதியும் நோய்ச் சான்றிதழும் வேண்டும். சும்மா போட்ட சட்டம் இல்லை. அத்தித் தேமல் வைரஸ் குச்சி வழியாகவே பரவும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். நாம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் சாஸ்வட், புரந்தர். 2016-ல் புவிசார் குறியீடு வாங்கிய அஞ்சீர் அங்கே விளைகிறது. அதை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. பிழைக்க வந்த ஊரில் நம் பொழுதுபோக்குக்காக அவர்கள் தோட்டத்துக்கு வியாதி கொண்டுவருவதற்கு நமக்கு என்ன உரிமை?

இவ்வளவும் செய்து சேர்க்கும் பேராவது நிஜமா என்றால், அதுவும் இல்லை. பிரவுன் டர்க்கி என்று இங்கிலாந்தில் சொல்வது ஒரு மரம், கலிஃபோர்னியாவில் சொல்வது வேறு மரம். மார்சேய் என்று ஒருவர் விற்பதையே லெமன் என்று இன்னொருவர் விற்பார். இரண்டையும் வாங்கி இரண்டு பேர்ப்பலகை மாட்டினால் ரகம் இரண்டாகிவிடுமா?

"நாங்க ரகங்களைப் பாதுகாக்கிறோம்" என்று ஒரு வாதம் வரும். பாதுகாப்பது என்றால் அமெரிக்காவில் டேவிஸ் ஊரில் அரசாங்கமே காப்பகம் வைத்துச் செய்கிறதே, அது. நமக்கு மூணு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல். ஹைதராபாத்துக்கோ நொய்டாவுக்கோ போகச் சொன்னால் இருபது தொட்டியும் வாட்ச்மேன் தலையில். இதற்குப் பேர் பாதுகாப்பு இல்லை, கைவிடுதல்.

அப்போ எதைத்தான் வைப்பது? முதலில் புனே அஞ்சீர். குளவி வேண்டாம், இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகினது. துரு நோய் இதற்கும் வரும். விழுந்த இலையை அன்றன்றைக்குப் பொறுக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். இரண்டாவது தினகர். தௌலதாபாத் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து வந்தது. மூன்றாவதாக, உள்ளூர் நர்சரியில் கிடைத்தால் டயானா அல்லது கொனாட்ரியா. கொனாட்ரியா 1956-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒட்டு இனம், புளித்துக் கெடுவது குறைவு. வெளிநாட்டு ரகமே கூடாது என்று நான் சொல்லவில்லை பாருங்கள். முறையாக வந்து, இங்கே காய்த்துக் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலாவது இடம் உங்கள் ஆசைக்கு. இரண்டு கோடை டைம் கொடுங்கள். காய்க்கவில்லையா, தயவு தாட்சண்யம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்? பறித்த அத்தி அதற்கப்புறம் இனிக்காது. கடைக்கு வருவது, வண்டியில் நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் கெட்டியாகப் பறித்தது. காம்பு தளர்ந்து, தலை தொங்கி, தோலில் லேசாகக் கீறல் விழும் அந்த ஒரு நாள் பழத்தைச் சாப்பிடத்தான் வீட்டு மரம். அந்தப் பழம் பிள்ளைகள் கைக்கு வர வேண்டுமானால், இருபது மரத்துக்குப் பங்கு போடும் வெயிலையும் எருவையும் கவனிப்பையும் நாலு மரத்துக்குக் கொடுங்கள்.

கழித்ததில் ஆரோக்கியமானதை, இடம் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இலையில் மஞ்சள் தேமல் இருப்பதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், குச்சிகூட வெட்டித் தராதீர்கள். பேர்ப்பலகைகளை எடைக்குப் போடலாம் :-)

டிஸ்கி: "நீ எத்தனை வச்சிருக்கே?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: மூணு. தண்ணீர் ஊற்றுவது நானேதான். தங்கமணி சாட்சி.